ரெண்டு படிக்கு ஒரு ஆழாக்கு

பினாங்கிலிருந்து திரும்புகிறவர்கள் பெண்டாட்டிக்கு என்ன கொண்டு வருவார்கள்? சேலை, அத்தர், பீங்கான் கோப்பை; கையில் கொஞ்சம் காசு ஓட்டம் இருந்தால் ஒரு ஜோடி வளையல். என் மாப்பிள்ளை ஹமீது சுல்தான் மரம் அறுக்கிற மிஷின் கொண்டு வந்தார். சாக்கில் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டி, கூலியாள் தலையில் ஏற்றி வந்து எங்கள் வீட்டு முற்றத்தில் இறக்கினார்கள். நான் அதை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தேன். நீளமான தகடு, தகட்டைச் சுற்றிப் பல் வைத்த சங்கிலி, பின்னால் ஒரு எஞ்சின்.

"இதை நான் கழுத்தில மாட்டிக்கிறதா, இடுப்பில மாட்டிக்கிறதா?" என்று கேட்டேன்.

"எஸ்டேட்டுத் தொரை சீமைக்குப் போறப்ப எனக்குக் குடுத்தது புள்ளே. மெட்ராஸ்ல நல்ல வெலைக்குப் போகும். வித்துட்டு அப்படியே கப்பலேறிருவேன்."

வந்த காலில் தூசிகூடப் போகவில்லை, அதற்குள் கப்பலாம். எனக்கு உச்சந்தலைவரை பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணமாகி ஆறு வருடம். அவர் என்னோடு இருந்ததை மாதக் கணக்கில் சொல்லிவிடலாம். பிள்ளை இல்லை. அதற்கு ஊர் என்னைத்தான் சொல்லும், கடலைச் சொல்லாது. இந்தத் தடவை இந்த மனிதரைப் போக விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டினேன். தொழுகையில் கையேந்தினால் அது ஒன்றைத்தான் கேட்டேன்.

கேட்டது கிடைத்துவிட்டது போலத்தான் முதலில் இருந்தது. என் வாப்பா அலியார் மிஷினைப் பார்த்ததும் வேறு கணக்குப் போட்டுவிட்டார். போன கார்த்திகைப் புயலில் எங்கள் கீழக்கரைச் சுற்றுப்பட்டில் சாய்ந்த மரம் கொஞ்சநஞ்சமல்ல. அபிராமத்துக் காண்டிராக்டர் நாகநாதன் தோப்புத் தோப்பாக அவற்றை வாங்கிப் போட்டிருந்தார். அறுக்கத்தான் ஆள் இல்லை. வாப்பா அவரைப் போய்ப் பார்த்துப் பேசிவிட்டு வந்து, ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் வாசலில் நாலு பேர் நடுவில் அறிவித்தார்.

"எங்க மாப்பிள்ளை இனிமே கப்பலேற மாட்டாக. இங்கனயே மிஷின் வச்சு மரக் காண்டிராக்ட் எடுக்கப் போறாக."

மாப்பிள்ளை பக்கத்திலேயேதான் நின்றாராம். சிரித்தாராம். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். என் காக்கா, கூடப் பிறந்த அண்ணன் அப்துல் குத்தூஸ், வந்து சொன்னதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்றைக்கு நெய்ச்சோறு ஆக்கினேன்.

எங்கள் ஊர் வழக்கத்தை இங்கே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. எங்களில் பெண் புருஷன் வீட்டுக்குப் போகமாட்டாள். பிறந்த வீட்டிலேயே இருப்பாள். மாப்பிள்ளைதான் வந்து தங்குவார். அவர் எத்தனை வருடம் தங்கினாலும் அந்த வீட்டுக்கு விருந்தாளி. மாப்பிள்ளை சொன்னதை மறுத்துப் பேசக் கூடாது. மாமியார் மாப்பிள்ளை முன்னால் வரவே கூடாது. திரைக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்ல, மகள் போய் அவரிடம் சொல்லுவாள். குழம்பில் உப்புக் கூடியிருந்தால்கூட அவரும் என் மூலமாகத்தான் சொல்லுவார். இரண்டு பக்கமும் பேச்சைச் சுமந்தே எனக்குத் தொண்டை வற்றிப்போகும்.

மிஷின் விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு வெறும் பெட்ரோல் ஊற்றக் கூடாதாம். பெட்ரோலோடு எஞ்சின் எண்ணெயையும் கலந்து, அந்தக் கலவையைத்தான் ஊற்ற வேண்டுமாம். ராமநாதபுரத்திலிருந்து பெட்ரோல் வந்தது. லாரிக்காரர்கள் ஊற்றுகிற கெட்டி எண்ணெயும் வந்தது. கொல்லைக் கொட்டகையில் ஒரு தகர டின்னில் மாப்பிள்ளை கலந்து வைத்தார். கொல்லையை ஒட்டிய எங்கள் தோப்பில் கிடந்த ஒரு வேப்பங்கட்டையை வைத்து மிஷின் கயிற்றை இழுத்தார். எஞ்சின் ரெண்டு தரம் இருமியது, ஒரு பாட்டம் புகையைக் கக்கியது, நின்றுவிட்டது.

"புதுத் தண்ணி, புதுக் காத்து. பழகணும்ல," என்றார் வாப்பா, மாப்பிள்ளைக்குச் சங்கடமாக இருக்கக் கூடாதே என்று.

மறுநாள் அது வேறு மாதிரி வியாதி காட்டியது. புகையே இல்லை, ஆனால் கொஞ்ச நேரம் ஓடியதும் கீச்சென்று கத்தித் தொட முடியாதபடி கொதித்தது. மாப்பிள்ளை அவசரமாக நிறுத்தினார். அதற்கடுத்த நாள் மறுபடியும் புகை, கூடவே வடை சுடுகிற வாசம். நான் சத்தியமாகச் சொல்கிறேன், தோப்பு முழுக்க வடை வாசம். பக்கத்து வீட்டிலிருந்து என்ன விசேஷம் என்று விசாரித்து ஆள் வந்தது.

எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. ஒரே டின், ஒரே மிஷின், ஒரே மனிதர். நாளுக்கொரு குணம் எங்கிருந்து வருகிறது? ஜின் கின் எதுவும் ஏறிவிட்டதோ என்று உம்மா ஓதி ஊதித் தண்ணீர் தெளித்தார். பெட்ரோலில் தண்ணீர் கலந்தால் அது ஒரு கேடு என்று காக்கா கத்தினான். அவனுக்கும் உம்மாவுக்கும் அரைநாள் பேச்சு வார்த்தை நின்றது.

இப்படி இருக்கும்போது நாகநாதன் மிஷினைப் பார்க்க வந்தார். வெள்ளை வேட்டி, கையில் குடை, சிரித்த முகம். நாங்கள் பெண்கள் கொல்லை ஜன்னலில் நின்று பார்த்தோம். மாப்பிள்ளை கயிற்றை இழுத்தார். இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார். ஒருவழியாகப் பிடித்த எஞ்சின் பாதிக் கட்டையில் கரும்புகை விட்டு அடங்கிப்போனது. நாகநாதன் குடையை விரித்துப் புகைக்கு முகத்தை மறைத்துக்கொண்டார்.

"அலியார் அண்ணே, கொசு வெரட்ட நல்ல மிஷினுண்ணே. மரம் அறுக்குமா?" என்றார். வாப்பா முகம் செத்துவிட்டது. "அடுத்த வாரம் வாரேன். ஓடுச்சுன்னா பேசலாம். இல்லாட்டிக் கைரம்பத்துக்கே ஆள் பாத்துக்கிறேன்," என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அன்றைக்கு அடுப்படியில் ஒரு சண்டை நடந்தது பாருங்கள். அதில்தான் முடிச்சில் பாதி அவிழ்ந்தது.

"எண்ணெய் பத்தல. நான் இன்னும் ஒரு ஆழாக்கு ஊத்தியிருக்கணும்," என்று வாப்பா தன்னையறியாமல் வாய்விட்டார்.

"ஊத்துனீகளா? நீங்களா ஊத்துனீக?" என்று காக்கா துள்ளினான். "நான் எண்ணெய் கூடிப்போச்சுன்னு தெனம் பெட்ரோல ஊத்தி ஊத்தித் தணிச்சுக்கிட்டுக் கெடக்கேன்!"

"ஏலே, படிக்கு ஒரு ஆழாக்கு எண்ணெய்னு மாப்பிள்ளைதான் என்கிட்டச் சொன்னாக. டின்னுல பாத்தா நெறமே இல்ல. அவுககிட்டப் போயி, நீங்க கொறச்சு ஊத்திட்டீகன்னு சொல்ல முடியுமா? அதான் நானே ஊத்துனேன்."

"என்கிட்ட மூணு படிக்கு ஒரு ஆழாக்குன்னு மச்சான் சொன்னாரே!"

திரைக்குப் பக்கத்தில் உம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். எனக்குச் சந்தேகம் தட்டியது.

"உம்மா, நீங்க என்ன ஊத்துனீக?"

"தேங்காண்ணெய்," என்றார் உம்மா மெல்ல. "நீதானடி சொன்ன, எண்ணெய் எதுவானாலும் எஞ்சினுக்குக் குளிர்ச்சிதான்னு மாப்பிள்ளை சொன்னதா. லாரி எண்ணெய் சூடாச்சேன்னு ஒரு கரண்டி ஊத்துனேன்."

வடை வாசம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. வீடே சேர்ந்து, மாப்பிள்ளை மனம் நோகக் கூடாது என்று, ஆளாளுக்கு ஒளிந்து ஒளிந்து அந்த டின்னைக் கெடுத்திருக்கிறார்கள். யா அல்லாஹ், நான் தலையிலடித்துக்கொண்டேன். பிறகு சிரித்தேன். பிறகுதான் கணக்குப் பார்த்தேன். வாப்பாவிடம் ஒரு அளவு, காக்காவிடம் ஒரு அளவு, என்னிடம் எதுவானாலும் சரி. ஏன்?

எனக்குக் கிடைத்த ஒரே பதில், அவருக்கு அளவு தெரியாது என்பதுதான். தெரியாது என்று சொல்ல மாப்பிள்ளைக் கௌரவம் விடவில்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார். பாவமாக இருந்தது. டின்னைக் கொட்டகைக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். ஒருத்தரும் கிட்டே வரக் கூடாது என்று எல்லோரையும் ஒரு பிடி பிடித்தேன். பிறகு அவரிடம் போய் உட்கார்ந்து பதமாகக் கேட்டேன்.

"தெரியாட்டித் தெரியாதுன்னு சொல்லுங்க. அதுல என்ன வெக்கம்? எனக்கு மட்டும் சொல்லுங்க."

"எஸ்டேட்டு ஸ்டோர்ல கலந்து குடுத்துருவாக புள்ளே. நான் ஊத்துறது மட்டுந்தான்," என்றார்.

நான் நம்பினேன். நம்பினதோடு நிற்கவில்லை, காக்காவைப் பாம்பனுக்கு அனுப்பி லாஞ்சு மெக்கானிக்கிடம் கேட்டு வரச் சொன்னேன். மெக்கானிக் நல்ல மனிதர். "எங்க லாஞ்சு எஞ்சினுக்குக் கீழ எண்ணெய்த் தொட்டி தனியா இருக்கு. உங்க மிஷினுக்கு அது கெடையாது. பெட்ரோலோட போற எண்ணெய்தான் உள்ள ஓடி வழுவழுப்புக் குடுக்கணும். கூடுனாப் புகைஞ்சு அடைக்கும். கொறஞ்சா வெந்து இறுகிப்போயிரும். ஆனா சரியான அளவு இதைக் கையில பிடிச்சவனுக்குத்தான் தெரியும்," என்று சொல்லி அனுப்பிவிட்டார். கையில் பிடித்தவர் எங்கள் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு மேலும் குழம்பியது.

நாகநாதன் வர வேண்டிய நாள் நெருங்கியது. காக்காவுக்குப் பொறுக்கவில்லை. மிஷின் இல்லாவிட்டால் என்ன, கைரம்பத்தாலேயே தோப்பு மரத்தை அறுத்து அடுக்கிக் காட்டினால் காண்டிராக்ட் கைவிட்டுப் போகாது என்று ஒரு கூலியாளைச் சேர்த்துக்கொண்டு இறங்கினான். புயலில் பாதி சாய்ந்து, கிளைகளை ஊன்றிக்கொண்டு நின்ற பெரிய புளியமரம் ஒன்று இருந்தது. அடியில் புகுந்து ஊன்றிய கிளையை அறுத்திருக்கிறான். எதை அறுக்கக் கூடாதோ அதை.

மடாரென்று ஒரு சத்தம். கூடவே காக்காவின் அலறல். உம்மாவும் நானும் கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினோம். மரம் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தது. ஒரு ஆள் இடுப்புத் தடிமனில் ஒரு கிளை காக்காவின் தொடைமேல். மணலாக இருந்ததால் எலும்பு தப்பித்துக் கால் உள்ளே புதைந்திருந்தது. கூலியாள் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினான். மரம் மறுபடியும் அசைந்தது, காக்கா மறுபடியும் அலறினான். கோடாலியை ஓங்கினால் ஒவ்வொரு வெட்டின் அதிர்வும் அவன் காலில்தான் இறங்கும். வாப்பாவோ என்ன செய்வதென்று தெரியாமல் மகன் தலையை மடியில் வைத்துக்கொண்டு கலிமா சொல்லத் தொடங்கிவிட்டார்.

"சாவி!" என்று ஒரு குரல். மாப்பிள்ளை. அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. இடுப்பிலிருந்து உருவிக் கொடுத்தேன்.

கொட்டகையைத் திறந்தார். டின்னிலிருந்த பழைய கலவையை ஒரே கவிழ்ப்பில் மணலில் கொட்டினார். மிஷின் வயிற்றில் இருந்ததையும் கொட்டினார். புதுப் பெட்ரோலைப் படியால் அளந்து ரெண்டு படி ஊற்றினார். எண்ணெயை ஆழாக்கில் எடுத்து விளிம்பு தட்ட ஒரு ஆழாக்கு ஊற்றினார். யோசிக்கவில்லை, யாரையும் கேட்கவில்லை, நான் சோற்றுக்கு உப்புப் போடுகிற மாதிரிப் போட்டார். மூடியை அடைத்து டின்னைக் குலுக்கிக்கொண்டே ஓடி வந்தார். எஞ்சின் தலையில் இருந்த பிளக்கைக் கழற்றிக் கரியைக் கத்தியால் சுரண்டி, கைலியில் துடைத்து மாட்டினார். சங்கிலிக்குத் தனியாக இருந்த தொட்டியில் தனி எண்ணெய். ஒரு இழுப்பு. ஒரே இழுப்பு.

மிஷின் பாடியது. புகை இல்லை, இருமல் இல்லை.

"மாமி, அந்தக் கயித்தை எடுத்துப் போடுங்க! மாமா, அவன் தலைய விட்டுட்டுத் தோளப் பிடிங்க! இழுக்கச் சொன்னா மட்டும் இழுக்கணும்!"

உம்மா முக்காட்டை மறந்து கயிற்றை எடுத்து வீசினார். ஆறு வருடத்தில் அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது அப்போதுதான். மாப்பிள்ளை கிளையைக் கயிற்றால் தாங்கிக் கட்டி, காலுக்கு அந்தப் பக்கம் ஒரு வெட்டு, இந்தப் பக்கம் ஒரு வெட்டு. வெண்ணெயில் நூல் ஓடுகிற மாதிரி ஓடியது. துண்டைப் புரட்டித் தள்ளினார். "இழுங்க!" என்றார். இழுத்தோம். காக்கா வெளியே வந்தான். தொடை வீங்கி நீலம் பாரித்திருந்ததே தவிர, விரல்களை அசைத்தான்.

வாப்பா மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்து அழுதார். உம்மா திரும்பவும் முக்காட்டுக்குள் போய் அழுதார். "மச்சான் கையில பரக்கத்து இருக்கு," என்று காக்கா படுத்த படுக்கையில் சொன்னான். எல்லோருக்கும் அது அல்லாவின் உதவி. எனக்கும் அல்லாவின் உதவிதான். ஆனால் அந்த ஆழாக்கு எண்ணெய் என் கண்ணை விட்டுப் போகவில்லை. அளவு தெரியாத கை அப்படி அளக்காது.

வைத்தியர் வந்து கட்டுப் போட்டுவிட்டுப் போன பிறகு, அறைக் கதவைச் சாத்திவிட்டு அவர் முன்னால் நின்றேன்.

"ரெண்டு படிக்கு ஒரு ஆழாக்கு."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மொத நாள்லேருந்தே தெரியும், இல்ல? தெரிஞ்சே ஆளுக்கொண்ணு சொன்னீக. தெரிஞ்சே நாகநாதன் முன்னாடி எங்க வாப்பாவத் தலைகுனிய வச்சீக. அங்கன வேற எவளையும் வச்சிருக்கீகளா? இருந்தா இருக்குன்னு சொல்லிருங்க, நான் ஒரு நாள் அழுதுட்டு விட்டுர்றேன்."

"அல்லா மேல சத்தியமா அப்படி எவளும் இல்ல," என்றார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கையில் ஒட்டியிருந்த எண்ணெயைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "இந்த வீட்ல எனக்கு என்ன கொறை? கோழி இருக்கு, கட்டில் இருக்கு. ஒரு வாளித் தண்ணி எடுக்கப் போனா நாலு பேர் ஓடி வந்து பிடுங்கிக்கிறாக. நான் தப்பாச் சொன்னாலும் சரிங்கிறாக, சரியாச் சொன்னாலும் சரிங்கிறாக. அங்கன எஸ்டேட்டுல தப்பா அறுத்தா, வேலை வாங்குற மண்டோர் என்னையத் திட்டுவான் புள்ளே. சரியா அறுத்தா, 'சுல்தான், நீ பாரு'ன்னு பெரிய மரத்த என்கிட்ட விடுவான். இங்கன என் பேரையே நான் மறந்துட்டேன்."

"காண்டிராக்ட் எடுத்தா இங்கனயும் அறுக்கலாம்ல?"

"யாரு அறுப்பா? மாமா ஆள் வச்சு அறுப்பாக. நான் நெழல்ல நாக்காலி போட்டு உக்காந்துருப்பேன். மிஷின் ஓடுச்சுன்னா நான் இங்கனயே மாப்பிள்ளையாவே இருந்து மாப்பிள்ளையாவே மௌத்தாப் போவேன். மாமாகிட்ட முடியாதுன்னு சொல்ல எனக்கு நாக்கு எழும்பல. அதான் மிஷினச் சொல்ல வச்சேன்."

எனக்குக் கோபம் வந்தது. பாவமாகவும் இருந்தது. ரெண்டும் ஒரே நேரத்தில் வந்தால் என்ன செய்வதென்று யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. மனிதர் தன் வாயால் ஒரு 'இல்லை' சொல்ல முடியாமல், ஒரு எஞ்சினைப் போட்டு இந்தப் பாடு படுத்தியிருக்கிறார். இத்தனை நாளும் அவர் இந்த வீட்டில் இருக்க வேண்டும் என்று கையேந்தினேனே, நான் உண்மையில் கேட்டது அதுதானா? அவரோடு நான் இருக்க வேண்டும் என்பதல்லவா நான் கேட்க வேண்டியது? ரெண்டும் ஒன்று என்று நினைத்திருந்தேன்.

அப்போது வெளியே பேச்சுக் குரல். சேதி கேள்விப்பட்டு நாகநாதன் வந்துவிட்டார். கூடத்தில் அவர் சத்தமாக, "அண்ணே, அந்தப் புளியங்கெளையப் பாத்தேன். மழுமழுன்னுல்ல அறுத்துருக்கு! நாளைக்கே ஆரம்பிப்போம்," என்று சொல்வது கேட்டது. வாப்பா சந்தோஷத்தில் மூச்சு வாங்க எங்கள் கதவுக்கு வந்தார். வழக்கப்படி என்னைத்தான் கூப்பிட்டார்.

"காலிதா, மாப்பிள்ளைகிட்டக் கேளும்மா, நாளைக்குத் தொடங்கச் சம்மதமான்னு."

நான் கதவைத் திறந்தேன். வாப்பாவுக்குப் பின்னால் திரையோரம் உம்மா நின்றார். உள்ளே திரும்பிப் பார்த்தேன். அவர் வழக்கமான அந்தச் சிரிப்பைச் சிரிக்கத் தயாராகிக்கொண்டிருந்தார். சரி என்று சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் தெருவில் பிறந்த வீட்டைவிட்டுப் புருஷனோடு அக்கரைக்குப் போன பெண் என்று ஒருத்தியைக்கூட நான் கேள்விப்பட்டதில்லை.

"அவுகளுக்குச் சம்மதமில்ல வாப்பா," என்றேன். "அவுக பினாங்குக்கே திரும்பப் போறாக. நானும் கூடப் போறேன்."

"என்னடி ஒளறுற!" என்று உம்மா திரைக்குள்ளிருந்து கத்தினார். வாப்பா என்னைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், கூடத்தில் குடையோடு உட்கார்ந்திருந்த நாகநாதனைப் பார்த்தார். யாரிடம் என்ன கேட்பதென்று அவருக்குத் தெரியவில்லை. அப்படியே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எனக்குப் பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. அவர் எழுந்து வந்திருந்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்த கேக்காமலே முடிவு பண்ணிட்டியா?" என்றார், காதோரம், மெதுவாக.

"நீங்க மட்டும் என்கிட்டக் கேட்டுட்டா ஆளுக்கொரு அளவு சொன்னீக?" என்றேன்.

அவர் என்னைத் தாண்டிக்கொண்டு அறை வாசலுக்கு வந்து, மாமனாரின் முகத்தை நேராகப் பார்த்து, "ஆமா மாமா, போறோம்," என்றார். முக்காட்டு முனையை வாயில் கவ்விக்கொண்டு அழத் தொடங்கினேன்.